சொல்லலாம், காட்டச் சொல்லக் கூடாது: அமெரிக்க பிரைமரி தேர்தல்களில் வாக்காளரின் ரகசியம்

அமெரிக்காவில் ஒரு கட்சியின் சார்பில் யார் போட்டியிடுவது என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்து அறிவிப்பதில்லை. அந்தக் கட்சியை ஆதரிக்கும் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். இதற்காக நடக்கும் தேர்தலுக்கு ‘பிரைமரி’ என்று பெயர். மாநில ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர் முதல் மேயர் வரை பல பதவிகளுக்கு இப்படித்தான் வேட்பாளர்கள் தேர்வாகிறார்கள். அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டில் இந்தத் தேர்தல்கள் ஜனவரி அல்லது பிப்ரவரியில் தொடங்கி, மாநிலம் மாநிலமாக ஜூன் வரை நீளும். ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்ற வாக்குகளுக்கு ஏற்ப வேட்பாளர்களுக்குப் பிரதிநிதிகள் ஒதுக்கப்படுவார்கள். கோடையில் கூடும் தேசிய மாநாட்டில் பிரதிநிதிகளில் பெரும்பான்மையோரின் ஆதரவைப் பெற்றவரே நவம்பர் தேர்தலில் கட்சியின் அதிபர் வேட்பாளர்.

பொதுத் தேர்தலில் மோதுபவர்கள் எதிரெதிர் அணியினர். பிரைமரியில் மோதுபவர்கள் ஒரே அணியினர். கொள்கையில் பெரிய வேறுபாடு இருக்காது. எட்டுப் பத்துப் பேர் களத்தில் இருக்கும்போது, தனக்குப் பிடித்தவர் யார் என்பதோடு, மற்றவர்கள் யாரை நினைக்கிறார்கள், எதிர்க்கட்சியை வெல்லக்கூடியவர் யார் என்பதையும் வாக்காளர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். அதனால் இங்கே வாக்காளர்கள் தங்கள் தேர்வைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது தேர்தலின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதே சமயம், நெருக்கடி தரக்கூடியவர்களும் அருகிலேயே இருக்கிறார்கள்: முதலாளி, தொழிற்சங்கத் தலைவர், உள்ளூர்க் கட்சிப் பிரமுகர். எனவே மறைக்க வேண்டிய தேவையும் உண்டு.

ஒரு வாக்காளரைப் பற்றி வெளியே தெரியக்கூடியவை மூன்று: அவர் வாக்களித்தாரா, எந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களித்தார், யாருக்கு வாக்களித்தார். அமெரிக்காவில் முதலாவது ஏறக்குறைய எங்கும் பொதுத் தகவல். இரண்டாவது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மூன்றாவது, சட்டப்படி ரகசியம். ஆனால் அதிலும் விலக்குகள் இருந்திருக்கின்றன.

குரல் கொடுத்து வாக்களித்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் ரகசிய வாக்கு என்பதே இல்லை. சில மாநிலங்களில் வாக்காளர் அதிகாரியின் முன் நின்று, தான் ஆதரிப்பவரின் பெயரை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கென்டக்கியில் இந்த முறை 1891 வரை நீடித்தது. மற்ற இடங்களில் கட்சிகளே தங்கள் வேட்பாளர்களின் பெயர்களை அச்சிட்டுச் சீட்டுக் கொடுக்கும். அதை வாங்கிப் பெட்டியில் போட்டால் போதும். சீட்டின் நிறமும் அளவும் கட்சிக்குக் கட்சி வேறுபட்டதால், யார் எந்தச் சீட்டைப் போடுகிறார் என்பது தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். காசு கொடுத்து ஓட்டு வாங்கியவருக்கு அது வசதியாக இருந்தது. வாங்கிய ஓட்டு தன் கண் முன்னே பெட்டியில் விழுவதை அவர் பார்த்துக்கொள்ளலாம்.

அரசே எல்லா வேட்பாளர்களின் பெயரையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, மறைவான இடத்தில் குறியிடச் செய்யும் முறை 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் அதை 1872இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க மாநிலங்களில் முதலில் மாநில அளவில் இதற்குச் சட்டம் இயற்றியது மாசசூசெட்ஸ், 1888இல். அடுத்த பத்தாண்டுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

பிரைமரி பிறப்பதற்கும் இந்த மாற்றமே வழிவிட்டது. சீட்டைக் கட்சிகள் அச்சிட்ட வரையில் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது கட்சியின் சொந்த விவகாரம். சீட்டை அரசு அச்சிடத் தொடங்கியதும், கட்சியின் பெயருக்கு நேரே யாருடைய பெயரைப் போடுவது என்ற கேள்வி அரசின் கேள்வியாகிவிட்டது. கட்சிகளின் உள்விவகாரம் மெல்ல மெல்லச் சட்டத்துக்குள் வந்தது. விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் கட்சிப் பிரமுகர்களின் பிடியை உடைக்க வேண்டும் என்று போராடி, 1903இல் நேரடி பிரைமரிக்கான சட்டத்தைக் கொண்டுவந்தார்.

ஆனால் அதிபர் வேட்பாளர் தேர்வு நீண்ட காலம் பிரமுகர்களின் கையிலேயே இருந்தது. 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட் பெரும்பாலான பிரைமரிகளில் வென்றார். இருந்தும் குடியரசுக் கட்சி மாநாடு அப்போதைய அதிபர் டாஃப்டையே வேட்பாளராக்கியது. 1952இல் ஜனநாயகக் கட்சியின் கீஃபாவர் பெரும்பாலான பிரைமரிகளில் வென்றும், வாய்ப்பு அட்லாய் ஸ்டீவன்சனுக்குப் போனது. 1968இல் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரியை அக்கட்சி சிகாகோ மாநாட்டில் வேட்பாளராக்கியபோது, மாநாட்டு அரங்குக்கு வெளியே தெருக்களில் கலவரமே நடந்தது. அதன் பிறகு மெக்கவர்ன், ஃபிரேசர் ஆகியோர் தலைமையில் அமைந்த குழு விதிகளை மாற்றியது. 1972 முதல் பிரதிநிதிகளைத் தீர்மானிக்கும் உரிமை வாக்காளர்களின் கைக்கு வந்தது.

‘வாக்காளர்கள்’ என்பதில் யார் யார் அடக்கம் என்பதும் போராடிப் பெற்ற விஷயம்தான். ‘கட்சி ஒரு தனியார் சங்கம்’ என்ற வாதத்தைச் சொல்லி, டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி தன் பிரைமரியில் வெள்ளையர்களை மட்டுமே வாக்களிக்க விட்டது. அந்தக் கட்சியே எப்போதும் வெல்லும் மாநிலத்தில் பிரைமரியில் வாக்கு மறுக்கப்படுவது தேர்தலையே மறுப்பதாகும். 1944இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. கறுப்பின வாக்காளருக்காக வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியான தர்குட் மார்ஷல்.

வாக்களித்தாரா?

அமெரிக்காவில் யார் யார் எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்ற பதிவேட்டைக் கட்சிகளும் ஆய்வாளர்களும் பெற முடியும். வீடு வீடாகப் போகும் பிரசாரக் குழுக்களின் கையில் இருக்கும் பட்டியல் இதிலிருந்து உருவாவதுதான்.

இந்தத் தகவல் வெளியே தெரிவதால் என்ன நடக்கும் என்பதை ஒரு பெரிய ஆய்வு அளந்து பார்த்திருக்கிறது. ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் ஆகியோர் 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநில பிரைமரிக்கு முன்பு 1,80,000 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். சில வீடுகளுக்கு ‘வாக்களிப்பது கடமை’ என்று மட்டும் கடிதம் போனது. சில வீடுகளுக்கு அந்த வீட்டாரே முன்பு வாக்களித்தார்களா இல்லையா என்ற விவரம் போனது. இன்னும் சில வீடுகளுக்கு, அக்கம்பக்கத்தார் யார் யார் முன்பு வாக்களித்தார்கள் என்ற பட்டியலும், தேர்தல் முடிந்ததும் புதிய பட்டியல் வரும் என்ற அறிவிப்பும் சேர்ந்து போயின. கடிதமே போகாத வீடுகளில் 29.7% பேர் வாக்களித்தார்கள். கடமையை மட்டும் நினைவூட்டிய வீடுகளில் அது 31.5%. அக்கம்பக்கத்துப் பட்டியல் போன வீடுகளில் 37.8%. யாருக்கு வாக்களித்தார் என்பதை எவரும் கேட்கவில்லை. வாக்களித்தாரா இல்லையா என்பது தெருவுக்குத் தெரியும் என்ற எண்ணம் ஒன்றே எட்டு சதவீதப் புள்ளிகள் உயர்த்திவிட்டது.

வாக்களித்துவிட்டு வெளியே வருவோர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் ‘நான் வாக்களித்தேன்’ வில்லை இதே உணர்வின் இனிய வடிவம். மற்றவர் பார்க்கிறார் என்பது ஆளைக் கிளப்புகிறது. அதையே பட்டியல் போட்டுக் காட்டும்போது சிலருக்கு அது மிரட்டலாகவும் படுகிறது. இத்தகைய கடிதங்களை அனுப்பும் பிரசாரக் குழுக்கள்மீது வாக்காளர்கள் கோபப்படுவதும் வழக்கம்.

எந்தக் கட்சி?

பிரைமரியில் வாக்களிப்பவர் ஏதோ ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கேயே அவருடைய சார்பு பாதி வெளிப்பட்டுவிடுகிறது. இதை மாநிலங்கள் பல விதமாகக் கையாள்கின்றன.

நியூயார்க், ஃபுளோரிடா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் பிரைமரி ‘மூடியது’. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே கட்சியைக் குறிப்பிட்டவர்கள் மட்டும் அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். 2016இல் நியூயார்க்கில் கட்சி மாற்றிப் பதிவு செய்வதற்கான கெடு, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே முடிந்துவிட்டது. அதைத் தவறவிட்டவர்களில் டொனால்ட் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அடக்கம். தந்தைக்கு அவர்களால் அந்த பிரைமரியில் வாக்களிக்க முடியவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியையும் குறிப்பிடாதவர்கள், தேர்தல் நாளன்று விரும்பிய கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம். டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது. ஆனால் எந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களித்தார் என்பது பதிவேட்டில் ஏறும். விஸ்கான்சின் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லாக் கட்சிகளின் பெயர்ப்பட்டியலும் ஒரே சீட்டில் இருக்கும்; திரைக்குப் பின்னால் போய் ஒரு கட்சியின் பகுதியில் மட்டும் குறியிட வேண்டும். எந்தக் கட்சி என்பதுகூட வாக்குப்பெட்டிக்குத்தான் தெரியும்.

இது ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமைக்குப் பிடிக்கவில்லை. கட்சிக்காரர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளாதவர்கள் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படிச் சரி என்று கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தன் மாநாட்டுக்கு யாரை அனுமதிப்பது என்று விதி வகுக்கக் கட்சிக்கு உரிமை உண்டு என்று 1981இல் தீர்ப்பு வந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒரு சங்கத்தின் முடிவில் பங்கேற்பவர் தன்னை அச்சங்கத்தைச் சேர்ந்தவராக அறிவித்துக்கொள்ள வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. எல்லாரும் ஒரே கட்சியாக இருக்கும் சிற்றூரில் மாற்றுக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்குவது துணிச்சல் வேண்டிய காரியம் என்பதும் உண்மை.

திறந்த பிரைமரியில் எதிர்க்கட்சிக்காரர்கள் உள்ளே நுழைந்து குழப்பலாம் என்ற அச்சமும் உண்டு. 2008இல் ஒபாமாவும் ஹிலரி கிளின்டனும் மோதிக்கொண்டிருந்தபோது, அந்தச் சண்டை நீள வேண்டும் என்பதற்காக ஹிலரிக்கு வாக்களியுங்கள் என்று வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா குடியரசுக் கட்சி நேயர்களைக் கேட்டுக்கொண்டார். கலிபோர்னியாவோ கட்சிவாரி பிரைமரியையே பெரும்பாலான பதவிகளுக்குக் கைவிட்டுவிட்டது. 2010இல் நடந்த பொது வாக்கெடுப்புக்குப் பிறகு அங்கே எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் போட்டியிடுகிறார்கள். முதல் இரு இடம் பெறுபவர்கள், ஒரே கட்சியினராக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள். அதிபர் தேர்தலுக்கு மட்டும் இது பொருந்தாது.

யாருக்கு? அயோவாவின் மூலைகள்

மூன்றாவது கேள்விக்கும் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று நீண்ட காலம் இருந்தது. அது ‘காக்கஸ்’ எனப்படும் ஊர்க்கூட்டம். அவற்றில் மிகப் புகழ்பெற்றது அயோவா மாநிலத்தினுடையது. 1972 முதல் அரை நூற்றாண்டுக் காலம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டி அங்கேதான் தொடங்கியது.

குளிர்கால இரவு 7 மணிக்குப் பள்ளிக்கூடம், தேவாலயம், நூலகம், சில இடங்களில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடம் என்று 1,600க்கும் மேற்பட்ட இடங்களில் கட்சியினர் கூடுவார்கள். ஜனநாயகக் கட்சியின் கூட்டத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஆதரவாளர்கள் தத்தம் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். பிறகு தலையை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் மொத்தக் கூட்டத்தில் 15% பேராவது இல்லாத அணி நிலைக்காது. அந்த அணியினர் வேறு மூலைக்குப் போகலாம், இன்னொரு சிறு அணியைத் தங்களோடு இழுத்துக்கொள்ளலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். அப்போதுதான் கூட்டம் சூடுபிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைகளின் ஆசிரியை, கடைக்காரர் என்று ஆளுக்கு ஆள் வந்து ‘எங்கள் பக்கம் வாருங்கள்’ என்று பேசுவார்கள். ஒருவரது இரண்டாவது விருப்பம் யார் என்பதும் ஊரறிந்த விஷயமாகிவிடும்.

அதே மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் கூட்டம் வேறு மாதிரி. வேட்பாளர்களுக்காக உள்ளூர்க்காரர்கள் எழுந்து சில நிமிடம் பேசுவார்கள். பிறகு எல்லாரும் துண்டுத்தாளில் பெயர் எழுதிப் போடுவார்கள். பேச்சு பொதுவில், வாக்கு ரகசியம். 2012இல் அப்படி எண்ணியபோது முதலில் மிட் ரோம்னி 8 வாக்கு வித்தியாசத்தில் முந்தியதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து ரிக் சான்டோரம் 34 வாக்கு முன்னிலையில் இருந்தது தெரியவந்தது. 2024 ஜனவரியில் நடந்த கூட்டங்களில் டிரம்ப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை அள்ளினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விவேக் ராமசாமி நான்காம் இடம் பெற்று, அன்றிரவே விலகினார்.

மூலையில் நிற்கும் முறையை ஆதரிப்பவர்கள் சொல்வது: குடிமக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி, மனம் மாறி, விட்டுக்கொடுத்து ஒரு பொது முடிவுக்கு வருகிறார்கள், தன் தேர்வுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருப்பதால் யோசித்துத் தேர்வு செய்கிறார்கள். எதிர்ப்பவர்கள் சொல்வது: கணவன் முன் மனைவியும், முதலாளி முன் தொழிலாளியும் சுதந்திரமாக நிற்க முடியாது, இரவு வேலைக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், முதியவர்கள் வரவே முடியாது. வருகைக் கணக்கு இரண்டாவது வாதத்துக்குத் துணை நிற்கிறது. 2020இல் சுமார் 32 லட்சம் மக்கள் வாழும் அயோவாவில் ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 1,76,000 பேர். அடுத்த வாரம், மக்கள்தொகையில் அதன் பாதியைக்கூட எட்டாத நியூ ஹாம்ப்ஷயரில், அதே கட்சியின் பிரைமரியில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர்.

இரு முறைகளும் ஒரே மாநிலத்தில் அருகருகே நடந்த அபூர்வமான சந்தர்ப்பமும் உண்டு. 2016 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சிக் காக்கஸில் பெர்னி சாண்டர்ஸ் 70 சதவீதத்துக்கு மேல் பெற்றார். வந்தவர்கள் சுமார் 2.3 லட்சம் பேர். மே மாதம் பிரதிநிதிகளைத் தீர்மானிக்காத, பெயரளவிலான பிரைமரி ஒன்று தபால் வாக்கு மூலம் நடந்தது. சுமார் 8 லட்சம் பேர் வாக்களித்தார்கள். ஹிலரி கிளின்டன் வென்றார். நெப்ராஸ்காவிலும் அதே ஆண்டு இதே தலைகீழ் மாற்றம் நடந்தது. கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்கத் தயாராக இருப்பவர்கள் தீவிர ஆதரவாளர்கள். வீட்டில் உட்கார்ந்து குறியிடுபவர்கள் வேறு ரகம்.

வெளிப்படையாக நிற்பதால் எல்லாரும் மிரண்டுவிடுவதும் இல்லை. 2008இல் நெவாடாவில், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதித் தொழிலாளர்கள் வேலை இடத்திலேயே பங்கேற்க வசதியாக, அந்த விடுதிகளிலேயே காக்கஸ் நடந்தது. அவர்களுடைய சமையல், விடுதித் தொழிலாளர் சங்கம் ஒபாமாவை ஆதரித்திருந்தது. ஆனால் அந்த விடுதிக் கூட்டங்களில் பலவற்றில் தொழிலாளர்கள் சங்கப் பொறுப்பாளர்களின் கண்ணெதிரே ஹிலரியின் பக்கம் போய் நின்றார்கள்.

அயோவாவின் மூலைக் கணக்குக்கு முடிவு கட்டியது 2020 பிப்ரவரி 3. முடிவுகளை அனுப்புவதற்காக உருவாக்கிய கைபேசிச் செயலி பழுதாகி, வென்றவர் யார் என்பது பல நாள் தெரியாமல் போயிற்று. நல்லவேளையாக அந்த ஆண்டு முதன்முறையாக ஒவ்வொருவரும் தன் விருப்பத்தை அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்ததால், சரிபார்க்க ஆதாரம் இருந்தது. 2024இல் ஜனநாயகக் கட்சி தன் வரிசையின் முதலிடத்தைத் தெற்கு கரோலினாவுக்குக் கொடுத்தது. அயோவாவின் ஜனநாயகக் கட்சியினர் தபாலில் விருப்ப அட்டை அனுப்பும் முறைக்கு மாறினார்கள். நெவாடாவும் வாஷிங்டனும் ஏற்கெனவே பிரைமரிக்கு மாறிவிட்டன.

மூலை மாறும் வசதியை ரகசியத்தைக் கெடுக்காமலே தரும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் தரவரிசை வாக்கு. 2020இல் அலாஸ்கா, ஹவாய், கான்சாஸ், வயோமிங் ஆகிய மாநிலங்களின் ஜனநாயகக் கட்சியினர் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பத்தை வரிசைப்படுத்தினார்கள். 15 சதவீதத்தை எட்டாதவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நியூயார்க் நகர மேயர் பிரைமரியில் 2021 முதல் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். 2025இல் அங்கே ஸோரான் மம்தானியும் பிராட் லாண்டரும், ‘என்னை முதலாவதாகவும் அவரை இரண்டாவதாகவும் போடுங்கள்’ என்று தங்கள் ஆதரவாளர்களிடம் பரஸ்பரம் கேட்டுக்கொண்டார்கள். மூலையில் நடந்த பேரம் சீட்டுக்குள் புகுந்துகொண்டது.

சிறிய ஊரில் ரகசியம்

ரகசிய வாக்கு இருந்தாலும், எண்ணிக்கை சிறிதானால் ரகசியம் தானாகவே உடைந்துவிடும். நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடியில் டிக்ஸ்வில் நாட்ச் என்ற மிகச் சிறிய குடியிருப்பில் 1960 முதல் நள்ளிரவு 12 மணிக்கே வாக்குப்பதிவு தொடங்கிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2024 ஜனவரியில் அங்கே குடியரசுக் கட்சி பிரைமரியில் வாக்களித்தவர்கள் 6 பேர். ஆறு வாக்குகளும் நிக்கி ஹேலிக்கே விழுந்தன. மறைவில் குறியிட்ட ஆறு பேரின் தேர்வும் விடிவதற்குள் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பெருநகரத்திலும் இது நடக்கும். நியூயார்க் நகரம் 2021 மேயர் பிரைமரியின் வாக்குச்சீட்டு விவரங்களைப் பெயர் இல்லாமல் வெளியிட்டது. ஆனால் ஒரு வட்டாரத்தில் ஒரு கட்சியின் சார்பில் ஒரே ஒருவர் வாக்களித்திருந்தால், வாக்களித்தவர் பட்டியலையும் சீட்டு விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அப்படி 378 பேரின் வாக்கைக் கண்டறிய முடிகிறது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதல் இரண்டு தகவலும் பொதுவாக இருப்பதால் மூன்றாவதும் வெளிப்பட்டுவிடும் ஆபத்து இது.

ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குச் சொல்வது

பிரைமரிகள் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால், முன்னால் வாக்களித்த மாநிலங்களின் முடிவு பின்னால் வாக்களிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1976இல் அயோவாவில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றவர்களே 37% பேர். அடுத்ததாக 27.6% பெற்ற ஜிம்மி கார்ட்டரை அதுவரை நாட்டில் பலருக்குத் தெரியாது. அந்த ஓர் இரவின் செய்தி அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டே அதிபர் தேர்தலில் வென்றார்.

2020இல் ஜோ பைடன் முதல் மூன்று மாநிலங்களிலும் தோற்றிருந்தார். தெற்கு கரோலினாவில் கறுப்பின மக்களிடையே பெருமதிப்புப் பெற்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் கிளைபர்ன், தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு தன் வாக்கு பைடனுக்கே என்று அறிவித்தார். பிப்ரவரி 29 அன்று பைடன் ஏறத்தாழ பாதி வாக்குகளைப் பெற்று வென்றார். களத்தில் இருந்த பீட் புட்டிஜெஜும் ஏமி குளோபுச்சாரும் விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று வாக்களித்த 14 மாநிலங்களில் 10 அவருக்குக் கிடைத்தன. தபால் மூலமும் முன்கூட்டியும் வாக்களித்திருந்த பலரின் வாக்கு, விலகிவிட்டவர்களுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. மற்றவர்களின் தேர்வைப் பார்த்துவிட்டு வாக்களிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

வாக்காளர்கள் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் முடியாது. 2008இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா முந்துவதாகக் கருத்துக்கணிப்புகள் கூறின, வென்றவர் ஹிலரி. வாக்களித்து வெளியே வருவோரிடம் எடுக்கப்படும் கணிப்பில் இந்தச் சிக்கலைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாயால் பதில் வாங்காமல் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். வாக்காளர் பெயர் எழுதாமல் நிரப்பி, மடித்து, ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம்.

சீட்டைப் படம் எடுக்கலாமா?

கைபேசி வந்த பிறகு ரகசியத்துக்குப் புதிய சோதனை வந்தது. குறியிட்ட சீட்டைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடும் பழக்கம் பரவியது. நியூ ஹாம்ப்ஷயர் 2014இல் இதைத் தடை செய்து, 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் பிரைமரியிலேயே சட்டம் சோதனைக்கு வந்தது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் லியோன் ரைட்அவுட், தனக்கே வாக்களித்த சீட்டைப் படம் எடுத்து வெளியிட்டார். இன்னொரு வாக்காளர், களத்தில் இருந்த எவரையும் பிடிக்காமல், செத்துப்போன தன் நாயின் பெயரைச் சீட்டில் எழுதி, அதைப் படம் எடுத்துப் போட்டார். விசாரணை வந்ததும் அவர்கள் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள்.

மாநில அரசின் வாதம் பழைய வரலாற்றிலிருந்து வந்தது. படம் எடுக்க முடியும் என்றால் ஓட்டுக்குக் காசு கொடுப்பவர் ஆதாரம் கேட்பார், முதலாளி கேட்பார், குடும்பத் தலைவர் கேட்பார். நிறக்காகிதச் சீட்டின் காலம் திரும்பிவிடும். நீதிமன்றம் வேறு பக்கம் பார்த்தது. அப்படி நடந்ததற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றையும் அரசால் காட்ட முடியவில்லை. வரக்கூடும் என்ற அச்சத்துக்காக, தன் அரசியல் கருத்தைச் சொல்ல விரும்பும் எல்லாருடைய வாயையும் அடைக்க முடியாது. 2015இல் கூட்டாட்சி நீதிமன்றமும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டத்தைச் செல்லாது என்றன. ஸ்னாப்சாட் நிறுவனம் வாக்காளர் பக்கம் நின்று மனு போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 2017இல் இதில் தலையிட மறுத்துவிட்டது. கலிபோர்னியா தானாகவே அனுமதித்தது. ஆனால் நியூயார்க்கில் இதே மாதிரித் தடையைக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் 2017இல் நிலைநிறுத்தினார். சட்டம் இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

சாவடியைச் சுற்றியுள்ள இடத்துக்குத் தனி விதி உண்டு. டென்னசி மாநிலம் சாவடி வாசலிலிருந்து 100 அடிக்குள் பிரசாரம் செய்யக் கூடாது என்று வைத்த தடையை 1992இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வாக்காளர் அமைதியாக முடிவெடுக்கும் இடம் என்ற வகையில் அங்கே பேச்சுரிமை கொஞ்சம் விலகி நிற்கலாம் என்பது காரணம். ஆனால் அரசியல் வாசகம் பொறித்த எந்தச் சட்டையும் அணிந்து வரக் கூடாது என்ற மினசோட்டாவின் சட்டம் மிகவும் மங்கலானது என்று 2018இல் அதே நீதிமன்றம் தள்ளிவிட்டது.

பிற நாடுகளில்

பிரான்சில் 2011இல் சோசலிஸ்ட் கட்சி தன் அதிபர் வேட்பாளர் தேர்தலை எல்லா வாக்காளர்களுக்கும் திறந்துவிட்டது. ஒரு யூரோ கொடுத்து, இடதுசாரி மதிப்பீடுகளை ஏற்கிறேன் என்று கையெழுத்திட்டால் போதும். இரு சுற்றிலும் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள்; பிரான்சுவா ஒல்லாந்து வென்று, அடுத்த ஆண்டு அதிபரானார். கையெழுத்துப் பட்டியல் ஒருவருடைய அரசியல் சார்பைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், தேர்தல் முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்காவில் பொதுப் பதிவேடாக இருக்கும் அதே தகவல் அங்கே அழிக்கப்பட வேண்டிய ஒன்றாயிற்று.

அர்ஜென்டினா இன்னும் தொலைவு போனது. 2009இல் இயற்றிய சட்டப்படி எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே நாளில் பிரைமரி, வாக்களிப்பது கட்டாயம். எல்லாக் கட்சிகளின் சீட்டுகளும் அடுக்கி வைக்கப்பட்ட மூடிய அறைக்குள் வாக்காளர் தனியே போய், விரும்பிய சீட்டை உறையில் போட்டுக் கொண்டுவருவார். அவர் எந்தக் கட்சியின் சீட்டை எடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் மொத்த முடிவு நாட்டின் மனநிலையை முன்கூட்டியே அம்பலப்படுத்திவிடும். 2019 ஆகஸ்டில் அப்போதைய அதிபர் மௌரிசியோ மக்ரி பிரைமரியில் பெருவித்தியாசத்தில் பின்தங்கியது தெரிந்த மறுநாளே பெசோவின் மதிப்பு சரிந்தது. 2025இல் இந்த பிரைமரிகள் நிறுத்திவைக்கப்பட்டன.

ரகசியம் யாருடையது?

ரகசிய வாக்கு வாக்காளரின் உரிமையா, கடமையா என்பதுதான் இத்தனை விதிகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. உரிமை என்றால், வேண்டாம் என்று நினைப்பவர் தன் தேர்வைச் சொல்லிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் பலகை நடலாம், சீட்டைப் படம் எடுத்தும் காட்டலாம். கடமை என்றால், விரும்பினாலும் காட்டக் கூடாது. ஏனென்றால் சிலர் காட்டத் தொடங்கினால், காட்டாதவர்மீது சந்தேகம் விழும். நியூ ஹாம்ப்ஷயர் வழக்கில் வென்றது முதல் கருத்து. நியூயார்க்கில் நிலைத்தது இரண்டாவது.

பேச்சைப் பொறுத்தவரை இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. யாருக்கு வாக்களித்தேன் என்று வாயால் சொல்வதை எந்த மாநிலமும் தடுப்பதில்லை. சொன்னது உண்மையா என்று எவராலும் சரிபார்க்க முடியாத வரையில், சொல்பவர் சுதந்திரமாகவே இருக்கிறார். சங்கத் தலைவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றில் குறியிடவும் அவரால் முடியும். அயோவாவின் மூலைகளைச் சிலர் எதிர்த்ததற்கும், சீட்டுப் படத்தைச் சில மாநிலங்கள் இன்னமும் தடுப்பதற்கும் அடிப்படை இதுதான்: அங்கே பேச்சோடு ஆதாரமும் சேர்ந்துவிடுகிறது. ஒரே கட்சிக்காரர்கள் சேர்ந்து ஒரு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பேச்சு வேண்டும். அந்தத் தேர்வு அவரவருடையதாக இருக்க, ஆதாரம் கேட்க எவருக்கும் இடம் இல்லாதிருக்க வேண்டும்.